ஏழு மணி, சமைக்க வேண்டும்

கச்சேரி மேடையில் பியானோ வாசிப்பவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்து, அவர் தலையசைத்ததும் எழுந்து, இடக்கையால் இசைக்குறிப்புத் தாளின் வலது மேல் மூலையைப் பிடித்துப் புரட்டுவது என் வேலை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சில வருடங்கள் அதைப் பகுதிநேரமாகச் செய்தேன். அப்படித்தான் இசையமைப்பாளர் டொமினிக் அர்ஜென்டோவின் ‘வர்ஜீனியா வூல்ஃபின் நாட்குறிப்பிலிருந்து’ என்ற பாட்டுத் தொகுப்பு எனக்கு அறிமுகமானது.

அது அந்த ஊர்ச் சொத்து. 1975 ஜனவரியில் ஜேனட் பேக்கர் அதை முதன்முதலில் பாடியது அங்கேதான். அதே வருடம் இசைக்கான புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஒரு பெண்குரல், ஒரு பியானோ, எட்டுப் பாட்டு. வரிகள் எல்லாம் ஆங்கில எழுத்தாளர் வூல்ஃப் தனக்கென்று எழுதிவைத்தவை. எப்படிப்பட்ட நாட்குறிப்பு எனக்கு வேண்டும் என்று 1919இல் யோசிப்பதில் தொடங்கி 1941 மார்ச்சில் முடியும். இடையில், வாழ்க்கை ஏன் பாதாளத்தின் மேல் போட்ட ஒடுங்கின நடைபாதை மாதிரி இருக்கிறது என்று ஒரு கேள்வி. அந்தப் பாட்டில் பியானோ படபடக்கும். புரட்டுகிறவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் எனக்குள் தங்கிவிட்டது கடைசிப் பாட்டுதான். தன் சோர்வையும் கவனித்து எழுது என்று வூல்ஃப் தனக்கே சொல்லிக்கொள்கிறார். பிறகு மணி ஏழு, சமைக்க வேண்டும், ஹாடக் மீனும் சாசேஜ் இறைச்சியும். எழுதிவைத்தால் அவைகூடக் கொஞ்சம் நம் பிடிக்குள் வருகின்றன என்கிறார். இதை எழுதி இருபதாம் நாள் அவர் ஆற்றில் இறங்கி உயிரை விட்டார்.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் பாடகிக்குக் குரல் தழுதழுத்தது. பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். “அவர் சாகப்போவது நமக்குத்தான் தெரியும். அந்த சாயங்காலம் அவருக்கு வேலை இருந்தது. சந்தோஷமாகத்தான் எழுந்து போகிறார், தாளிலேயே இருக்கிறது, பாருங்கள்” என்றார். பாடகி வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். அடுப்பைப் பற்றவைக்கப் போகிற ஒருத்தியின் குரல் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததில் பக்கம் புரட்ட மறந்துவிட்டேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றுவரை ஒரு பெண்ணின் மனசு என்றால் அந்தப் பாதாளம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சியன்று மீன் வந்த இடத்தில் அரங்கில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பாடகியின் முகம் மலர்ந்தது. முதல் பாட்டின் இசை திரும்பி வந்தது. தலையசைப்புக்காகக் காத்திருந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.