தலைமன்னார் பியர் வரை

2018 ஜூலை 13, வெள்ளி. மன்னார்.

இலங்கையின் மலையகத்திலுள்ள அட்டனிலிருந்து பேருந்துகள் மாறி மாறி, மாலையில் மன்னாருக்கு வந்து சேர்ந்தேன். விடுதி அறைக் கதவைக் கச்சான் காற்று இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறது. படுக்குமுன் அம்மாயிக்குத் தொலைபேசி எடுத்தேன். “ரெயிலு கப்பலுக்குப் பக்கத்துலயே போய் நிக்குமாம், அக்கா கடுதாசியில எழுதியிருந்துச்சு. நீ பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். அவருடைய அக்கா, அதாவது என் பெரிய அம்மாயி, 1971இல் இந்த வழியாகத்தான் இந்தியா சென்றார். அட்டன் நிலையத்தில் வழியனுப்பியதோடு சரி. சகோதரிகள் இருவரும் அதன்பின் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

2018 ஜூலை 14, சனி. தலைமன்னார்.

பழைய கப்பல் இறங்குதுறை இருக்கும் பியர் வரைக்கும் பேருந்து போகும் என்று நடத்துநர் சொல்லியும், நான் தலைமன்னார் ஊரிலேயே இறங்கி நடந்தேன். ரயில் பாதை வருமுன், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்திறங்கிய எங்கள் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாகச் சென்றவர்கள்; வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்கள் நடந்த தூரத்துக்கு முன் என் ஒரு மணி நேர நடை எம்மாத்திரம்! ஆயினும் இந்த மண்ணில் கொஞ்சமாவது கால் பதித்து நடக்க விரும்பினேன். சாலையின் இருபுறமும் பனைகளும் உடைமரங்களும். நிழல் கண்ட இடத்திலெல்லாம் மன்னாருக்கே உரிய கழுதைகள் நின்றன.

நிலையத்தில் ஒருவரும் இல்லை. போரினால் 1990இல் நின்றுபோன சேவை, இந்தியக் கடனுதவியுடன் பாதை புதிதாகப் போடப்பட்டு, 2015 மார்ச் 14இல்தான் மீண்டும் இவ்விடம் வந்தது. மூன்றே ஆண்டுகள் ஆன கட்டடம் என்றாலும் உப்புக்காற்று அதை விட்டுவைக்கவில்லை: வாங்கு இருக்கையின் இரும்புக் கால் செதில் செதிலாக உரிந்து, விரல் பட்டதும் செம்பொடியாகக் கையில் ஒட்டியது. மேடையோரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், பெருக்க ஆளில்லாமல் சிறு வரப்பாகக் கிடந்தது. நாளுக்கு ஓரிரு ரயில்களே வந்துபோகும் இடத்தில் இதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. பயணச்சீட்டு அறை அடைத்திருந்தது.

இந்நிலையம் ஊருக்காகக் கட்டப்பட்டதன்று, கப்பலுக்காகக் கட்டப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, இங்கே இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்பு கோட்டைக்குச் செல்ல முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வரலாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும் என்று தள்ளிவைத்தது. இந்தியாவுக்கெனப் பங்கிடப்பட்டவர்களில் ஒருவராகத்தான் பெரிய அம்மாயியும் ஒரு தகரப்பெட்டியுடன் இங்கு வந்து இறங்கியிருக்கிறார். தேயிலைக் கொழுந்து கிள்ளியே காய்த்துப்போன கைகளையுடைய அவரிடம், எந்த நாடு வேண்டும் என்று எவரும் உட்கார்ந்து கேட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

தண்டவாளத்தின் முனையிலிருந்து கடலை நோக்கிக் காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும், பழைய இறங்குதுறை தெரிந்தது. துருவேறிய இரும்புத் தூண்கள் கடலுக்குள் வரிசையாகச் செல்ல, மேலே பலகைகள் பல இடங்களில் இல்லை. இடைவெளியில் நீர் பளிச்சிட்டது. அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர், “அந்தப் பக்கம் போகாதேங்கோ தம்பி, பலகை தாங்காது” என்று தடுத்தார். அத்துடன் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

2018 ஜூலை 15, ஞாயிறு. மன்னார்.

காலையில் அம்மாயியுடன் பேசினேன். தண்டவாளம் இப்போது கரையிலேயே நின்றுவிடுகிறது என்றும், பழைய துறை இன்னும் கடலுக்குள் நிற்கிறது என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப அக்கா எழுதினது சரிதான்” என்றவர், நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.