ஆச்சி சொல்லித்தராத வேலை

மெல்பர்னுக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பெண்கள் யாராவது, இங்கே ஆட்களோடு பழகுவது எப்படி என்று என்னைக் கேட்டால், கோயிலையும் தமிழ்ச் சங்கத்தையும் முதலில் சொல்வேன். அடுத்து, உங்கள் பகுதியில் கூடை பின்னுகிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள் என்பேன். கோயிலும் சங்கமும் நம் ஆட்களிடம் கொண்டு சேர்க்கும். எனக்கு இந்த மண்ணைக் காட்டியது கூடைதான்.

விக்டோரியா மாநிலம் முழுக்க 'நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்று அக்கம்பக்கத்தாருக்கான பொது வீடுகள் இருக்கின்றன. தையல், கணினி, ஆங்கிலப் பேச்சு என்று ஏதாவது ஒரு வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதங்களில் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடை பின்னுவோர் குழுவின் அறிவிப்பைச் சுவரில் பார்த்தது அங்கேதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம், ஆண்டுச் சந்தா கொஞ்சம், வெளியிலிருந்து ஆசிரியர் வந்து நடத்தும் பட்டறைகளுக்குத் தனிக் கட்டணம். அவ்வளவுதான் விதிமுறை. இலையுதிர் காலத்தில் எல்லாரும் ஊருக்கு வெளியே போய் ஒரு வார இறுதி தங்கி, காலை முதல் இரவு வரை பின்னிக்கொண்டே இருப்பார்கள்.

கூட்டம் தொடங்கும்போது, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிலம் இங்கத்திய பழங்குடிகளான வுருஞ்சேரி மக்களுடையது என்று ஒருவர் எழுந்து சொல்வார். அப்புறம் அவரவர் பின்னிக் கொண்டுவந்ததை நீள மேசையில் வைத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அழகாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்ற பேச்செல்லாம் அங்கே குறைவு. என்ன செடி, யார் தோட்டத்தில் வெட்டியது, எந்த மாதம், எத்தனை நாள் காயவைத்தது என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கையில் பொருள் இருந்தால் வாக்கியம் தானாக வந்துவிடுகிறது.

மேசையின் ஓரத்தில் ஒரு பங்கீட்டு வரிசை இருக்கும். தன் தோட்டத்தில் மிஞ்சியதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துப் போகலாம். அந்தக் கட்டுகளில் இருந்துதான் நான் செடிகளைப் படித்தேன். கார்டிலைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நீண்ட இலை, ரெட் ஹாட் போக்கர் பூச்செடியின் இலை, ஜகரண்டா மரம் உதிர்க்கும் மெல்லிய இலைக்காம்பு, பாங்கலோ என்ற பனை வகையிலிருந்து விழும் பூங்கொத்தின் ஈர்க்குகள், ஃபிலோடெண்ட்ரான் இலை விரிகையில் கழன்று விழும் செந்நிற உறை. முன்பு பேருந்தில் போகும்போது எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்த தெரு, இப்போது வீட்டுக்கு வீடு வேறாகத் தெரிகிறது. ரவுண்டானா நடுவிலும் சாலையோரத்திலும் நகராட்சி நட்டு வைத்திருக்கும் முரட்டுப் புல் லொமாண்ட்ரா. வுருஞ்சேரி மக்கள் அதைக் கராவுன் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூடைக்குப் பயன்படுத்தியது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்குப் போய்வந்திருக்கிறேன்.

காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதி இல்லாமல் ஒரு இலை பறிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைக் குழுவில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உங்கள் தோட்டம், அல்லது சரி என்று சொன்ன பக்கத்து வீட்டார் தோட்டம். கேட்கத் தயங்க வேண்டாம். காய்ந்த இலையை யாராவது அள்ளிக்கொண்டு போனால் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்தான். அப்படிக் கதவைத் தட்டித்தான் எங்கள் தெருவில் பாதிப் பேரை எனக்குத் தெரியும்.

வேலையில் பொறுமை கேட்கிற பகுதி பின்னல் இல்லை, பதப்படுத்துவது. பச்சை இலையில் பின்னினால் அது காயும்போது சுருங்கி, இழைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து கூடை ஆடத் தொடங்கும். அதனால் முதலில் நிழலில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். பின்னுவதற்கு முந்தைய நாள் நனைத்து, ஈரத்துண்டில் சுற்றி இரவு முழுக்க வைக்க வேண்டும். மறுநாள் இலையை விரலில் சுற்றிப் பார்த்தால் வெடிக்காமல் வளைய வேண்டும். தேவைக்கு மேல் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, நான் முடிப்பதற்குள் அவளே மீதியைச் சொன்னாள்: "ஆமா, காஞ்ச ஓலையில தண்ணி தெளிச்சு சாக்குல சுத்தி வைக்கணும். பச்சையா முடைஞ்சா பொட்டி தளந்துரும். ஆச்சி அப்படித்தான செய்வா."

பட்டறைகள் பல விதம். புதிதாக வருகிறவர்கள் கயிறு திரிப்பதில் தொடங்குவது நல்லது. இரண்டு இழைகளைத் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சிலர் விரலாலேயே முறுக்குவார்கள். தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுகிறவர்களும் உண்டு. விளக்குத் திரி திரித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அடுத்து சுருள் கூடை: ஒரு கற்றை புல்லை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு ஊசியால் தைப்பது. அதற்கடுத்து, நிற்கும் குச்சிகளுக்கு நடுவே இரண்டு இழைகளை முறுக்கிப் பின்னுவது. இரண்டு வளையங்களைக் குறுக்காகக் கட்டி, விலா எலும்புபோல வளைந்த குச்சிகள் வைத்துப் பின்னும் கூடை கடைசியில்தான்.

நியூசிலாந்துப் பழங்குடியான மாவோரி ஆசிரியர் ஒருவர், ஹரகேகே என்ற அந்த ஊர் நார்ச்செடியின் இலையில் நடத்திய பட்டறையில், முதல் ஒரு மணி நேரம் யாரும் எதையும் பின்னவில்லை. செடி முன்னால் நிற்க வைத்துப் பேசினார். நடுவில் இருக்கும் குருத்து குழந்தை, அதன் இரண்டு பக்கமும் நிற்பவை தாயும் தகப்பனும். அந்த மூன்றையும் தொடக் கூடாது, வெளி இலைகளை மட்டும் சாய்வாக வெட்ட வேண்டும். மழையிலும் இருட்டிலும் வெட்டக் கூடாது. எங்கள் ஊரில் மென்மையான பெட்டிக்குப் பனையின் குருத்தோலையைத்தான் எடுப்போம் என்று நான் சொன்னேன். எத்தனை குருத்து எடுப்பீர்கள், மரம் தாங்குமா என்று கேட்டார். ஒரு மரத்தில் அதிகம் எடுத்தால் பனை நலிந்துபோகும், அதனால் அளவு உண்டு என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

இந்தக் குழுவில் எனக்கு மிகவும் மதிப்பு உண்டாக்கிய விஷயம் ஒன்று உண்டு. பழங்குடி ஆசிரியர் ஒருவரிடம் கற்றதை அவர் அனுமதி இல்லாமல் நாம் வேறு ஒருவருக்குச் சொல்லித்தரக் கூடாது. அவர்கள் வடிவத்தை அப்படியே செய்து விற்கவும் கூடாது. இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்பது, தென்மேற்கு விக்டோரியாவில் இருக்கும் பட்ஜ் பிம்முக்குக் குழுவோடு போனபோது புரிந்தது. குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறைகளால் வாய்க்காலும் தடுப்பும் கட்டி விலாங்குமீன் வளர்த்த இடம் அது. அந்த அமைப்பு குறைந்தது 6,600 ஆண்டுகள் பழமையானது. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல் தடுப்பில் விட்ட இடைவெளியில் புல்லால் பின்னிய நீளமான பறியை வைப்பார்கள். வாய் அகலம், வால் குறுகல். நுழைந்த மீனை வால் பக்கம் கையால் பிடிப்பார்கள்.

அங்கே கேட்டது கோனி ஹார்ட் என்ற குண்டிட்ஜ்மாரா மூதாட்டியின் கதை. அவர் பெயரைக் கூடை பின்னுகிறவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். 1917இல் பிறந்தவர். பழங்குடியினருக்காகத் திருச்சபை நடத்திய லேக் கோண்டா மிஷன் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அம்மா நன்றாகப் பின்னுவார். ஆனால் மகளுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். பிள்ளைகள் தங்கள் மரபைக் கற்பது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். அம்மா வெளியே போகும் நேரம் பார்த்து, பாதியில் வைத்திருந்த கூடையை எடுத்து நான்கு தையல் போட்டுவிட்டு வைத்துவிடுவாளாம் சிறுமி. அந்த விரல் நினைவை வைத்துக்கொண்டு, அறுபது வயது தாண்டிய பிறகு 1980களில் அவர் மறுபடி பின்னத் தொடங்கினார். அம்மா பயன்படுத்திய அதே புல்லைத் தேடிக் கண்டுபிடித்து, விலாங்குப் பறியும் பின்னினார். மற்றவர்களுக்கும் சொல்லித்தந்தார்.

இதைக் கேட்ட நாளில் எனக்கு ஆச்சி நினைவு வந்துவிட்டது. எங்களுக்கு உடன்குடிப் பக்கம். தாத்தா பனையேறி. ஆச்சி கருப்பட்டி காய்ச்சுவாள், பதநீர் இல்லாத மாதங்களில் பெட்டி முடைவாள். சின்னக் கொட்டான், நார்ப்பெட்டி, கடவப்பெட்டி எல்லாம் அவள் கையில் ஒரே வேகத்தில் எழும். பக்கத்தில் போய் ஓலையைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள். "படிக்கிற பிள்ளைக்கு ஓலை எதுக்கு? போய் எழுது." அம்மாவுக்கும் அவள் முழுசாகச் சொல்லித்தரவில்லை. அம்மா பின்னியது வயர் கூடைதான். சிவன் கண், நெல்லிக்காய் என்று எல்லா வகையும் அவளுக்கு வரும். ஓலை என்றால் பனங்காடு, பனங்காடு என்றால் வறுமை, ஊர் பார்க்கிற பார்வை. அதை எங்களுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்று ஆச்சி நினைத்தாள். கோனி ஹார்ட்டின் அம்மாவுக்கு இருந்த பயம் வேறு. ஓர் அரசு ஒரு மக்கள்கூட்டத்தை அழிக்க முயன்ற காலத்தின் பயம் அது. இரண்டையும் சமமாக வைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால், பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று ஒரு தாய் தன் கைவேலையைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அறுந்ததை மறுபடி முடிச்சுப் போட ஒரு நாள் பட்டறைகூடப் போதும் என்பதற்கு யுவோன் கூல்மேட்ரி சாட்சி. தெற்கு ஆஸ்திரேலியாவின் நாரின்ஜெரி மக்களைச் சேர்ந்தவர். 1982இல் டோரதி கார்ட்டினியேரி என்ற மூத்தவர் நடத்திய ஒருநாள் பட்டறையில் சுருள் பின்னலைக் கற்றார். 1997இல் வெனிஸ் பியனாலே கண்காட்சியில் ஆஸ்திரேலியா சார்பாக இடம்பெற்ற மூன்று கலைஞர்களில் ஒருவரானார். மர்ரி ஆற்றோரம் வளரும் கோரைதான் அவர் பின்னுவது. பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் தாமிரபரணிக் கோரையும் அதுவும் சைப்பரஸ் என்ற ஒரே பேரினம். நடுப் பாலைவனத்தில் 1995இல் பட்டறைகளாகத் தொடங்கிய ஜான்பி நெசவாளர்கள் என்ற பழங்குடிப் பெண்கள் குழுவும் இப்படித்தான். அதில் பிளாக்ஸ்டோன் ஊர்ப் பெண்கள் புல்லாலேயே ஒரு முழு டொயோட்டா வண்டியைப் பின்னி, 2005இல் நாட்டின் பெரிய பழங்குடிக் கலை விருதை வாங்கினார்கள்.

குழுவுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பணி ஓய்வு பெற்ற பெண்கள். இத்தாலியில் பிறந்த ஒரு பெரியவர் ஆலிவ் தளிர்க்கிளையில் பழக்கூடை பின்னுவார்; சிறு வயதில் தாத்தா சொல்லித்தந்ததாம். வில்லோ கிளையும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் இந்த நாட்டில் பெரும்பாலான வில்லோ வகைகள் தேசிய அளவில் பெயர் குறித்து வைத்த களைகள். ஓடைகளை அடைத்து நிற்கும். ஒடித்த குச்சி ஈரத்தில் விழுந்தால் வேர் விட்டுவிடும் என்பதால், மிஞ்சிய துண்டுகளைக்கூட எண்ணி எடுத்து வருவார். அதை அவர் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

போன ஆண்டு நான் வயர் கூடை போட்டுக் காட்டினேன். அச்சும் இல்லாமல் குச்சியும் இல்லாமல் வெறும் முடிச்சிலேயே கூடை எழுவதைப் பார்த்து அசந்துபோனார்கள். ஓலை தெரியுமா என்று கேட்டார்கள். அப்போதிருந்து, போனை எதிரே நிற்கவைத்து அம்மாவுக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் கேட்டுக் கற்றுவருகிறேன். ஓலைக்கும் வழி பிறந்தது. விக்டோரியாவின் சொந்தப் பனை வகை ஒன்றே ஒன்று, லிவிஸ்டோனா. ஆர்போஸ்டுக்குக் கிழக்கே ஓர் ஓடைக்கரையில் இயற்கையாக வளர்கிறது. வீட்டுத் தோட்டங்களிலும் நட்டிருக்கிறார்கள். பனையைப் போலவே விசிறி ஓலை, மட்டையின் ஓரத்தில் கருக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்கள் அதன் விரியாத ஓலையை வேகவைத்து, உலர்த்தி, வெளுக்கவைத்துத் தொப்பி பின்னினார்கள். அந்தத் தொப்பி இந்த நாட்டின் அடையாளமாகவே இருந்திருக்கிறது.

குழு உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் கழித்த லிவிஸ்டோனா மட்டைகளை எனக்குத் தந்திருக்கிறார். இப்போது எங்கள் கார் ஷெட்டில் காய்கின்றன. பனையைவிட ஈர்க்கு கொஞ்சம் கடினம், ஓலை கொஞ்சம் குறுகல், ஆனால் நனைத்தால் நன்றாகப் படிகிறது. வசந்த காலத்தில் நான் நடத்தப்போகும் பட்டறைக்கு அதில்தான் கொட்டான் முடையப் போகிறோம். ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, அடி போட்டு, நான்கு மூலை மடக்கி எழுப்புவது வரை ஒரு நாளில் முடியும். விளிம்பு கட்டுவதற்கு இன்னொரு நாள் வேண்டும். பங்கெடுப்பவர்கள் கூர்மையான சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ஒரு பழைய துண்டு கொண்டுவந்தால் போதும். பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று இரண்டு தமிழ்க் குடும்பங்கள் கேட்டிருக்கிறார்கள். வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.