பாலத்தின் காலடி

ஜம்மு காஷ்மீரில் செனாப் ரயில் பாலத்தை 2025 ஜூனில் திறந்தார்கள், அதிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் என் வேலைக்குத் திடீர் மவுசு. ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர், ஈபிள் கோபுரத்தைவிட உயரம் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். "நீங்களும் ரயில் பாலம் பார்க்குற ஆளுதானே மாமா, மேல நின்னா பயமா இருக்காதா?" என்று அக்கா பையன் கேட்டான். நான் பார்ப்பது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. சேர்வராயன் மலையை ஒட்டி டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் ஓடைகளைத் தாண்டும் பாலங்கள்தான், ரயிலில் போகிறவர்கள் டீக்குச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் கடந்துவிடும். பயம் இருக்கிறது. ஆனால் அது உயரத்தால் வருவதில்லை.

உயரப் பயமெல்லாம் தண்டவாளம் பராமரிக்கப் புதிதாகச் சேரும் டிராக்மேன்களுக்கு. இரும்பு உத்தரம் தாங்கும் கர்டர் பாலத்தில் ஜல்லி கிடையாது, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டைகளான ஸ்லீப்பர் இரண்டுக்கு நடுவே அடியில் கிடக்கும் பாறை அப்படியே தெரியும், கண் அந்த இடைவெளிக்குள்ளேயே போய் நின்றுகொள்ளும், கால் நகராது. வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் டிராலி ரெஃப்யூஜ் என்று சின்ன மேடை உண்டு. ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடக்கும்வரை அதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளங்காலில் ஏறும் அதிர்வைப் பழகிவிட்டான் என்றால் போதும், கொஞ்ச நாளில் போன் பேசிக்கொண்டே பாலத்தில் நடப்பான். அப்புறம் அதற்குத் திட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்த வேலை ரிவெட் பார்ப்பது, அதாவது இரும்புத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணிகளைச் சோதிப்பது. பாதி ரிவெட் தலையிலும் பாதி தகட்டிலும் படுகிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு, மறுபக்கம் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் தோலுக்கு அடியில் லேசாக ஒரு துடிப்பு. பெயிண்ட் விளிம்பில் துரு கசிந்து கோடு போட்டிருந்தால் தட்டுவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும்.

சரி, பயம் எங்கே என்றால், கீழே. ஏற்காட்டில் ஒரு ராத்திரி கொட்டினால், கோடையில் ஆடு மேய்ந்த ஓடையில் விடிவதற்குள் பாறை உருண்டு வரும். தண்ணீர் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும், மேலே தண்டவாளம் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருக்கும். இதில் மோசமானது என்னவென்றால், வடியும்போது அதே வெள்ளம் தான் பறித்த குழியை மணலால் மூடிவிட்டுப் போய்விடும். பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், கம்பியை இறக்கிக் குத்திப் பார்த்தால்தான் உள்ளே பொலபொலவென்று இருப்பது தெரியும்.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கம் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. அது பள்ளத்தாக்கே இல்லை, சமவெளி ஆறு. பாலத்தை வெள்ளம் கெடுத்திருந்தது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார் என்பதைத்தான் ஊரில் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொல்வது மழைக்காலத்தில் பேட்ரோல், அதாவது ரோந்து போகிறவர்களிடம். விளக்கும், தண்டவாளத்தில் வைத்தால் வண்டி ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கிற டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு ராத்திரி நடந்து, தூணில் போட்டிருக்கும் அபாயக் கோட்டைத் தண்ணீர் தொட்டதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற ஆள் சொன்னால்தான் வண்டி நிற்கும். தூங்கிக்கொண்டு வருகிற யாருக்கும் அவர் முகம் தெரியாது.

இந்த ஐப்பசிக்கு முன்னால் வரும் புதுப் பையன்களை முதலில் ஓடைக்குள் இறக்கிவிடப்போகிறேன். மேலே நடப்பதை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.