தனியாக முடியுமா என்று கேட்டார்கள்

"இந்த ரூட்டைத் தனியாக ஓட்ட முடியுமா?" என்று சூப்பர்வைசர் கேட்டார், "முடியும் சார்" என்று நான் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஐந்து வினாடிகூட ஆகியிருக்காது. 2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு மாலை நேரத்தில், வீடுகளுக்குப் பார்சல் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தின் கிடங்கான ஹப்பில், அன்றைய வசூல் பணத்தை எண்ணி ஒப்படைக்கும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன பதில் அது. அந்த ஒரு சொல்லால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று நெடுநாள் நம்பினேன். அந்த ஒரு சொல்லால்தான் வேறு இருவருக்கு வேலை போனது என்றும் அதே அளவுக்கு நம்பினேன். இப்போது இரண்டிலும் எனக்கு முழு உறுதி இல்லை. ஆனாலும் அந்த ஐந்து வினாடிகள் மனத்தை விட்டு நகரவில்லை.

அதற்கு முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டுகள் லேத் ஓட்டினேன். அந்த ஆண்டு வாகனத் தொழிலில் ஏற்பட்ட தேக்கத்தால், உதிரி பாகங்கள் செய்துகொடுத்த எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்தது. முதலில் இரவு ஷிப்ட் போனது, பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றானது. பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தைக் கையில் கொடுத்து, "இருபது மைக்ரானுக்குள் வருமா?" என்று ஃபோர்மேன் கேட்டால், "வரும்" என்பதைத் தவிர வேறு பதிலைத் தொழில் தெரிந்தவன் சொல்லமாட்டான். வராவிட்டால் இரவு தங்கியாவது வரவைப்பான். அந்தக் கேள்வி எப்போதும் கையைப் பற்றியது, கைத்திறனைப் பற்றியது. சூப்பர்வைசர் கேட்ட கேள்வியையும் நான் அப்படித்தான் காதில் வாங்கினேன். அது என்னைப் பற்றிய கேள்வியே அல்ல, ஒரு வண்டிக்கு எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுதும்போதே, உண்மையில் விளங்கவில்லையா என்ற சந்தேகமும் வருகிறது. ஏனென்றால், அதை விளக்கிச் சொல்ல ஒருவர் முந்தைய நாளே முயன்றிருந்தார்.

அவரை அண்ணன் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். சரக்கு வண்டி ஓட்டுவதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி ஒப்புதலான பேட்ஜ் வாங்கியவர். முன்பெல்லாம் சாதாரண இலகுரக வாகன உரிமம் மட்டும் வைத்திருப்பவன் மஞ்சள் பலகை வண்டியைத் தொட முடியாது. ஓராண்டு கழித்துத் தனியாக விண்ணப்பித்து பேட்ஜ் பெற வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்குத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசும் அதையொட்டி மாநிலங்களுக்கு எழுதியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. அந்த 2017 தீர்ப்பு இல்லாவிட்டால், சொந்த உபயோகத்துக்கென்று எப்போதோ எடுத்துவைத்த உரிமத்தோடு நான் அந்த ஹப்பின் வாசலில் நின்றிருக்க முடியாது. எனக்குத் திறந்த அந்தக் கதவு, அவரைப் போன்றவர்களுக்கு இத்தனை காலமும் ஒரு வேலியாக இருந்தது என்பதை அவர்தான் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசாமல் எனக்குப் புரியவைத்தார்.

சான்றிதழ்களைப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான். ஆதார், பான், உரிமம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று பிறகு தந்தால் போதும் என்றார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள், சம்பளம் இல்லாமல், பழைய ஓட்டுநரோடு வண்டியில் சென்று பழக வேண்டும். அப்படித்தான் அண்ணனுடைய குட்டி யானையில் ஏறினேன். அவர் ஓட்டுவார், நான் நடுவில், கதவோரம் ஹெல்பர் தம்பி. இருபத்திரண்டு வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு.

இந்த வேலையில் ஓட்டுவது பாதிகூட இல்லை என்பதை அந்த மூன்று நாளில் கற்றேன். கடைசியாக இறக்க வேண்டிய பார்சலை முதலில் ஏற்ற வேண்டும். இந்த வரிசை தவறினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியையே கவிழ்த்துத் தேட வேண்டியிருக்கும். அண்ணன் ஒவ்வொரு பெட்டியின் மேலும் மார்க்கரில் தன் கணக்குப்படி ஓர் எண் எழுதுவார். முகவரியை அதற்குப் பிறகு பார்க்கவேமாட்டார். சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், வாடிக்கையாளர் எதைத் தந்திருக்கிறார் என்பது தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். முகப்பேர் கிழக்கை இன்னும் ஜே.ஜே. நகர் என்றே எழுதுகிற முதியவர்களின் முகவரிகள் அவருக்கு மனப்பாடம். எந்தக் குடியிருப்பில் காவலாளி பார்சலை வாங்கிக்கொள்வார், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் எந்த பிளாக்கில் மாடிப்படி இருட்டாக இருக்கும், எந்தத் தெருவில் காலை பதினோரு மணிக்குமேல் வண்டியைத் திருப்ப முடியாது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி மேலே ஏறும்போது அண்ணன் அடுத்த வீட்டுக்குப் போன் செய்வார். தம்பி இறங்கும்போது அடுத்த பெட்டி கையில் தயாராக இருக்கும். இருவருக்கும் இடையில் பேச்சே இருக்காது. நன்றாக எண்ணெய் விட்ட இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

இரண்டாம் நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தம்பி தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போயிருந்த நேரத்தில் அண்ணன் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் உன்ன கூப்பிட்டு, தனியா முடியுமான்னு கேப்பாங்க. ஆள் இல்லாம முடியாதுன்னு சொல்லிடு தம்பி. உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னாங்க."

நான் தலையை ஆட்டினேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா என்று தெரியாது. எனக்குள் ஓடியது வேறு: அந்த இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த இருக்கையில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்? அண்ணன் என்னிடம் கேட்டது ஒரு பதிலை அல்ல, இந்த வேலையையே விட்டுவிடச் சொல்கிறார் என்று அப்போதே கணக்குப் போட்டேன். வீட்டில் நகை அடகில் இருந்தது. இரண்டாம் பருவக் கட்டணத்துக்குப் பள்ளியிலிருந்து இருமுறை சொல்லிவிட்டிருந்தார்கள். பின்னாளில் அந்தத் தம்பி அண்ணனுடைய அக்கா மகன் என்று தெரிந்தபோது, எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. தன் வீட்டுப் பையனுக்காகத்தானே கேட்டார், ரூட்டின் நியாயத்துக்காகவா கேட்டார் என்று. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தன் வீட்டுப் பையனுக்காகக் கேட்டாலும் கணக்கு கணக்குதானே. 110 பார்சலுக்கு இரண்டு பேராக இருந்தால் ஒன்றுக்கு மூன்று நிமிடம், ஐந்தரை மணி நேரம். தனியாள் வண்டியை ஓரங்கட்டி, பூட்டி, படியேறி, ஓ.டி.பி. கேட்டு, பணம் வாங்கிச் சில்லறை கொடுத்து, இறங்கி வந்து திறக்க ஐந்து நிமிடமாவது ஆகும். சாப்பாடும் போக்குவரத்து நெரிசலும் சேராமலே ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். அவர் சொன்னது பொய் இல்லை.

மூன்றாம் நாள் மாலை நான் "முடியும்" என்று சொன்னபோது, அந்த ரூட்டை ஒரு நாள்கூடத் தனியாக ஓட்டியதில்லை. அன்றைக்கும் பாதிக்கு மேற்பட்ட மாடிகளை ஏறியது தம்பிதான். சூப்பர்வைசர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்பது என் நினைவு. அவர் மேசையில் இருந்த தாளில் வண்டி எண்களுக்கு எதிரே ஒவ்வொரு பெயர்தான் இருந்தது, இரண்டாவது பெயருக்கான கட்டமே இல்லை, ஆகவே முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளை நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். அது டீசல் கணக்காகவும் இருந்திருக்கலாம். வெளியே பெஞ்சில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் சொல்லாவிட்டால் அவர்களில் ஒருவர் சொல்லியிருப்பார் என்பதும் என் வாதங்களில் ஒன்று. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அடுத்த திங்கள்கிழமை முதல் எந்த வண்டியிலும் ஹெல்பர் இல்லை. நொளம்பூரும் முகப்பேர் மேற்கும் எனக்கு, முகப்பேர் கிழக்கு அண்ணனுக்கு, ஆளுக்கு 110. பண்டிகைத் தள்ளுபடி விற்பனையின் சுமை முழுவதும் இறங்கிய வாரம் அது. இரவு எட்டரை மணிக்கு நான் கொடுத்து முடித்திருந்தவை 71. பதினோரு வீடுகளுக்குப் போய்க் கதவு பூட்டியிருந்ததால் திரும்பியிருந்தேன். மீதி 28 பார்சல்கள் இருந்த தெருக்களுக்குள் வண்டியைத் திருப்பக்கூட இல்லை.

கொடுக்காத பார்சலுக்குச் செயலியில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "நேரம் போதவில்லை" என்றால் அது ஓட்டுநரின் கணக்கில் சேரும். "வாடிக்கையாளர் இல்லை" என்றால் முயற்சி செய்ததாக ஆகும். ஒருமுறை போன் செய்த பதிவு மட்டும் வேண்டும். நான் சாலையோரம் வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழைத்து, ஒருமுறை மணி அடித்ததும் துண்டித்தேன். இருபத்தெட்டு முறை. "முடியும்" என்று சொல்லி ஐந்து நாள்கூட ஆகவில்லை, "முடியவில்லை" என்ற காரணத்தை என் விரல் அழுத்த மறுத்தது. மறுநாள் காலை, மூன்றாவது மாடியில் இருந்த ஓர் அம்மா என்னை அழைத்து, "நான் காலையிலேருந்து வீட்லயேதான்பா இருக்கேன், கதவக்கூட சாத்தல" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எப்படித் தவறியது என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்று காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் முந்தைய நாள் கணக்கை வாசித்தார். அண்ணன் 74 கொடுத்திருந்தார். ஒன்பது வீடுகள் பூட்டியிருந்தன. மீதி 27க்கும் "நேரம் போதவில்லை" என்று போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் அவர் போன வீடுகள் 83, நான் போனவை 82. தாளில் அவருக்கு 83 என்றும் எனக்கு 110 என்றும் இருந்தது. "நேத்து சேர்ந்தவர் நூத்திப்பத்து வீட்டுக்கும் போயிருக்கார். இருபது வருஷ சர்வீஸ், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டார்கள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ரூட்டின் ஒவ்வொரு படியும் தெரிந்தவருக்கு 110 என்றால் என்ன என்று தெரியாமல் இருக்காது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் "சார், 28 நான் போகாதது" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், பண்டிகை வாரத்தில் ஓர் ஓட்டுநரை அவர்கள் அனுப்பியிருக்கமாட்டார்கள். திட்டிவிட்டு வண்டியில் ஏறச் சொல்லியிருப்பார்கள்.

தம்பியை இரவு நேரத்தில் பார்சல் பிரிக்கும் வேலைக்குக் குறைந்த கூலியில் மாற்றினார்கள். தீபாவளியோடு அதுவும் முடிந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன். இப்போதெல்லாம் போகாத வீட்டுக்குப் போனதாகப் போடுவதில்லை. பழைய ஆள் என்பதால் நான்கைந்து பார்சல் திரும்பினால் யாரும் என்னைக் கேட்பதுமில்லை.

இந்தக் கதையை மனைவியிடமும் பட்டறை நண்பர்களிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். எல்லா முறையும் "முடியும்" என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிடுவேன். வேலை தேடி வந்தவன் வேறென்ன சொல்வான், உன்மேல் தப்பில்லை என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த 28ஐ அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

மீட்டிங் முடிந்து நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். கை ஓடவில்லை, எதை எங்கே வைக்கிறேன் என்றே கவனிக்கவில்லை. அண்ணன் தன் வண்டிக்குப் போகிற வழியில் நின்றார். நான் வாசலோரம் அடுக்கியிருந்த இரண்டு பெரிய பெட்டிகளை வெளியே எடுத்து, உள்ளே தள்ளி வைத்தார். "கடைசில எறக்கறத மொதல்ல ஏத்து தம்பி" என்றார். பிறகு தன் வண்டியின் பின்கதவைத் திறந்து, தனியாக ஏற்றத் தொடங்கினார்.