கிரிவலம் ஈஸி, சும்மா உக்கார்றதுதான் கஷ்டம்

திருவண்ணாமலைல 14 கிலோமீட்டர் கிரிவலம்தான் கஷ்டம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அது ஒரு விஷயமாவே தெரியல. செருப்பில்லாம ராத்திரி கெளம்பி இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம்னு ஒவ்வொண்ணா கும்பிட்டு விபூதி பூசிக்கிட்டே போய் ஈசான்ய லிங்கத்துல முடிச்சப்பகூட இன்னொரு சுத்து போலாமான்னுதான் இருந்துச்சு. மார்ச் இயர் எண்ட் வேலைலேர்ந்து நேரா வந்த உடம்பு, அதுக்கு ஓடத்தான் தெரியும்.

மறுநாள் காலைல ரமணாஸ்ரமம். பகவான்னு எல்லாரும் சொல்ற ரமண மகரிஷியோட சோபா இருக்கிற பழைய ஹால்ல போய் தியானத்துக்கு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துலயே நெஞ்சு படபடங்குது, கால் தானா ஆடுது, பாக்கெட்ல போன் அதிருற மாதிரி இருக்கு, போனோ ரூம்ல சார்ஜ்ல கெடக்கு. பக்கத்துல ஒரு வயசான அம்மா அசையாம உக்காந்திருக்காங்க, எனக்கு எழுந்து ஓடிடணும் போல பயம். மாசக்கணக்கா அடுத்த பிரச்சனை எங்கேர்ந்து வரும்னே முழிச்சிருந்த உடம்பு, திடீர்னு சத்தம் நின்னா எதையோ கோட்டை விட்டுட்டோம்னு பதறுது போல.

வெளிய வந்து ஆஸ்ரமத்துக்குப் பின்னாடி ஸ்கந்தாஸ்ரமம் போற கல்பாதைல ஏறினேன். பகவான் 1916லேர்ந்து 1922 வரைக்கும் இருந்த எடம் அது. வழில ஒரு பாறைல நின்னா மொத்தக் கோயிலும் தெரியும், ஒன்பது கோபுரத்தையும் எண்ணிடலாம், 217 அடி ராஜகோபுரமே சின்னதா இருக்கும், பஸ் ஹாரன் மட்டும் லேசா மேல வரும். அங்க உக்காந்தேன், கண்ண மூடவே இல்ல. மலை ஏறினதால நெஞ்சு அடிச்சுக்குது, அதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு, அதனால பயம் வரல. மூச்சு எறங்க எறங்க படபடப்பும் அது கூடவே எறங்கிடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணல.

அந்தத் தெம்புல கீழ விரூபாக்ஷ குகைக்குப் போனேன். உள்ள நல்ல புழுக்கம். பழையபடி நெஞ்சு ஆரம்பிச்சதும் வெளிய வந்து திண்ணைல இருந்துட்டு மறுபடி உள்ள போனேன், இப்படியே உள்ளயும் வெளியயுமா. யாரும் எதுவும் கேக்கல, இதென்ன பரீட்சையா?

கோயிலுக்குள்ள தரைக்குக் கீழ இருக்கிற பாதாள லிங்கத்துல பூச்சி கடிச்சதுகூட தெரியாம பகவான் உக்காந்திருந்தார்னு படிச்சுட்டு நாமளும் மொத நாளே அப்படி ஆகணும்னு நெனைக்கிறோம். அதே பகவான் 1926 வரைக்கும் கிரிவலம் போனவர், ஆஸ்ரம சமையல்கட்டுல விடியறதுக்கு முன்னாடி காய் நறுக்கினவர், அதை ஏனோ யாரும் பெருசா சொல்றதில்ல. என்னை மாதிரி ஆளுங்க நேரா ஹாலுக்குப் போகாம மொதல்ல மலை ஏறிட்டு வந்து உக்காருங்க, ஆனா காலைலயே ஏறிடுங்க, வெயில் ஏறினப்புறம் வெறுங்கால அந்தக் கல்லுல வைக்கவே முடியாது.