கார்பன் கணக்கு

பிப்ரவரி 3, திங்கள்
புரொப்பேனிலிருந்து பென்சீன் எடுக்க வேண்டும். அதற்கு வினையூக்கியாக, நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட்டான இசட்எஸ்எம்-5ஐ வெறும் அமில வடிவில் இன்று புரொப்பேனில் ஓட்டிப் பார்த்தேன், 550 டிகிரியில். வந்ததில் பெரும்பங்கு மீத்தேனும் எத்திலீனும்தான். அமிலம் தனியாக இருந்தால் அதற்கு உடைக்கத்தான் கை வருகிறது. இரண்டு புரொப்பேன் ஒரு பென்சீன் ஆக வேண்டுமென்றால் ஐந்து ஹைட்ரஜன் மூலக்கூறு கழன்று போக வேண்டும். அதைக் கழற்றத்தான் காலியம் என்ற உலோகம்.

பிப்ரவரி 5, புதன்
காலியம் நைட்ரேட் கரைசலில் பொடியை ஊறவைத்து, உலர்த்தி, சுட்டெடுத்தேன். திருநீறு மாதிரி வெள்ளை. இப்போதைக்கு ஆக்சைடு பெரும்பாலும் துகள்களின் வெளிப்புறத்தில்தான் கிடக்கும். ஹைட்ரஜனில் சூடாக்கினால் ஆக்சிஜனை இழந்து (ஒடுக்கமடைந்து) துளைகளுக்குள் நகர்ந்து, அமில இடங்களில் போய் உட்காரும். துளை அரை நானோமீட்டருக்குச் சற்றே மேல். பென்சீன், டொலுவீன், பாரா-சைலீன் வெளியே வரலாம். அதைவிடப் பருத்தவை எளிதில் வளர உள்ளே இடம் போதாது.

துத்தநாகம் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் இந்தச் சூட்டில் ஹைட்ரஜன் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். பிபி, யூஓபி நிறுவனங்கள் சேர்ந்து இதே வேலைக்குக் கொண்டுவந்த சைக்ளார் முறையிலும் காலியம்தான்.

பிப்ரவரி 6, வியாழன்
பென்சீன் வந்துவிட்டது! ஆனால் கணக்கு உதைக்கிறது. நூறு கார்பன் உள்ளே போனால் எண்பதுகூட வெளியே காணோம். மிச்சமெல்லாம் வினையூக்கியில் படிந்த கரி என்று எழுதிவிட ஒரு சபலம். சீனியர் அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு, “கரி மேல பழி போடாதே. லைனைத் தொட்டுப் பார்த்தியா?” என்றார்.

உலையிலிருந்து, வந்த வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜிசி கருவிக்குப் போகும் குழாயில், வால்வுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்கு ஹீட்டிங் டேப் சுற்றவே இல்லை. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டொலுவீன் கொதிப்பது 111 டிகிரியில், சைலீன் 140ஐ ஒட்டி. இரண்டும் அங்கேயே படிந்து ஓய்வெடுத்திருக்கின்றன. சுற்றியது நான்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி
டேப் சுற்றி 200 டிகிரியில் வைத்தேன். கணக்கு ஏறக்குறைய சரி. மாலைக்குள் புரொப்பேன் வேறு பொருளாக மாறும் அளவு சரியத் தொடங்கியது. இது நிஜமாகவே கரி.

பிப்ரவரி 10, திங்கள்
நைட்ரஜனில் கலந்த கொஞ்சம் காற்றை விட்டு அந்தக் கரியை எரித்தேன். அவசரப்பட்டால் சூடு எகிறும். எரிந்து வரும் நீராவியும் சேர்ந்து ஜியோலைட் சட்டத்திலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடும். மூன்று மணி நேரம் பொறுத்தேன். கார்பன் டைஆக்சைடு உச்சி ஏறி இறங்கியது, விடுபட்ட கார்பனும் கணக்கில் வந்து சேர்ந்தது. குவார்ட்ஸ் குழாய்க்குள் மறுபடி வெள்ளை. காற்று பட்டதில் காலியம் திரும்ப ஆக்சைடாகியிருக்கும். நாளை காலை முதல் வேலை ஹைட்ரஜன்.