கட்டீரட்டுங்களா, வெச்சுக்கட்டுங்களா?

"சார், தவணைய கட்டீரட்டுங்களா, இல்ல வெச்சுக்கட்டுங்களா?"

2020 ஏப்ரல் முதல் வாரம், கொரோனா ஊரடங்கு. போனில் கேட்டவர் எங்கள் வங்கிக் கிளையில் மெஷின் கடன் வாங்கியிருந்த பவர் டேபிள்காரர், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஷெட்காரர். பதினோரு டெய்லர்கள், அதில் ஏழு பேர் ஒடிசாப் பையன்கள். கணக்கில் எண்பதாயிரம் சொச்சம் இருந்தது. மாதத் தவணை 24,000. தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்றே அறிவித்திருந்தது; அதைத்தான் மொரட்டோரியம் என்றார்கள். எங்கள் வங்கியில் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் நிறுத்தினோம். அதனால்தான் கேட்டார்.

"கையில இருந்தா கட்டிருங்க. மொரட்டோரியம் எடுத்தாலும் வட்டி நிக்காது, ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்றேன்.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த வாரம் வந்த போன்களில் பாதிப் பேர் மொரட்டோரியத்தைத் தள்ளுபடி என்றே நினைத்திருந்தார்கள். அது தள்ளுபடி இல்லை என்று சொல்வது என் வேலை. ஸ்டேட் வங்கி ஒரு உதாரணக் கணக்கை வெளியிட்டிருந்தது: 15 வருடம் பாக்கி இருக்கும் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்கு மூன்று மாதம் நிறுத்தினால் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது எட்டுத் தவணை. அந்த எட்டு என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அதை நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

ஆனால் அவருடையது வீட்டுக் கடன் இல்லை. பாக்கி 7 லட்சம், 11 சதவீத வட்டி, மூன்று வருடத்துக்கும் குறைவாகவே மீதி. ஏப்ரல், மே தவணைகளை நிறுத்தியிருந்தால் கடைசியில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஒரு தவணைகூட முழுதாக வராது. இந்தக் கணக்கை நான் ஏப்ரலில் போடவில்லை. பேனா எடுத்து உட்கார்ந்து போட்டது, எல்லாம் முடிந்த பிறகு.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று காலை மண்டல அலுவலகத்திலிருந்து பேசியவர்கள், கட்ட முடிந்தவர்களைக் கட்டச் சொல்லுங்கள் என்றார்கள். மிரட்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு தவணையும் கட்டினார், 48,000. மிச்சம் முப்பதாயிரத்துச் சில்லறை. சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கிப் பழகிய பையன்கள், சாப்பாடும் வாரம் ஏதோ கொஞ்சமும் கொடுத்தால் இருந்துகொள்கிறோம் என்றார்களாம். அரிசி, கேஸ், ரூம் வாடகை என்று ஐந்து வாரம் தாங்கினார். மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோன ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஏழு பேரும் பதிந்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஜூனில் மாஸ்க் தைக்க ஜாப் ஒர்க் வந்தது. மெஷின் இருந்தது, கரண்ட் இருந்தது, உட்கார்ந்து தைக்கப் போதுமான ஆள் இல்லை.

பணம் கையில் இருந்திருந்தால் பையன்கள் இருந்திருப்பார்களா? ஊரில் அம்மா அழுகிறாள் என்று போனவர்களும் உண்டு. கைநிறையப் பணம் இருந்த பெரிய பனியன் கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் அந்த 48,000 நினைவுக்கு வரும். பதினோரு பேருக்கு ஆளுக்கு நாலாயிரத்துக்கு மேல்.

ஜூலையில் அவருக்கு இன்னொரு கடன் கொடுத்தோம். மத்திய அரசின் உத்தரவாதத்தோடு வந்த அவசரக் கடன் திட்டம், பிப்ரவரி 29 நிலவரப்படி இருந்த பாக்கியில் 20 சதவீதம், கூடுதல் பிணை கிடையாது. அவருக்கு 1,40,000 வந்தது. ஏப்ரல், மேயில் வாங்கிக்கொண்டதைப் போல மூன்று மடங்கை ஜூலையில் நாங்களே கடனாகத் திருப்பிக் கொடுத்தோம். ஃபைலில் எல்லாம் சரியாக இருந்தது. பணம் தேவைப்பட்ட வாரங்கள்தான் முடிந்துபோயிருந்தன. தீபாவளிக்கு முன் நான்கு மெஷின்களை விற்றார்.

ஆகஸ்ட் 31 அன்று ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக் கணக்கு வந்தது. நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிவு. தொழில் உற்பத்தி 39.3, கட்டுமானம் 50.3. வேளாண்மை மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்திருந்தது. மக்களின் நுகர்வுச் செலவு கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. பவர் டேபிள்காரர் ஷெட் மாதிரியானவை அந்தக் கணக்கில் நேராக வரவே இல்லை. அப்போது காலாண்டு மதிப்பீட்டில் சிறு தொழில்களின் நிலையைப் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் கணக்கை வைத்தே அனுமானித்தார்கள். பெரியவை ஆள் பிடித்துத் திரும்ப ஓடத் தொடங்கினால், சின்னதும் ஓடுவதாகத்தான் கணக்கு காட்டும்.

எல்லாரையும் பணத்தை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்க முடியுமா? அதே கிளையில் டெபாசிட் வட்டியில் மருந்து வாங்கும் பெரியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வட்டி, கடன் வாங்கியவர்கள் கட்டுவதிலிருந்துதான் வருகிறது. ஒரு வேன்காரரிடம் நிறுத்தி வையுங்கள் என்று நானே சொன்னேன். மூன்று மாத ஒத்திவைப்பு பிறகு ஆறு மாதமாக நீண்டது. அவர் ஆறு மாதமும் நிறுத்தினார், பிறகு கூடிய தவணையைப் பார்த்து எனக்கு முன்னால் கண் கலங்கினார். அவரிடம் சொன்னதும் தப்போ என்று தோன்றும் நாட்கள் உண்டு.

பவர் டேபிள்காரர் 2023-ல் மெஷின் கடனை முடித்துவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசி வாங்க வந்தார். இப்போது ஐந்து மெஷின்தான், மனைவியும் உட்கார்ந்து தைக்கிறார். கிளம்பும்போது, "அன்னைக்கு நீங்க கட்டச் சொன்னீங்க சார். அதனாலதான் சிபில்ல பேரு கெடாம தப்பிச்சேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒத்திவைத்தாலும் சிபிலில் பதிவாகும் கடன் வரலாறு பாதிக்காது என்று ரிசர்வ் வங்கி அந்த மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. என்ஓசியைக் கவரில் போட்டுக் கொடுத்து, வாசல் வரை கூடவே போனேன்.